துவக்குப் பாகம் கடைந்து கொடுக்கலாமா?

கேள்வி: பஞ்சிகாவத்தையில் அப்பா தொடங்கிய லேத் பட்டறையை நடத்தி வருகிறேன். 2020 இல் வாகன இறக்குமதி நின்றதும் பழைய வாகனங்களுக்கு புஷ், ஷாஃப்ட், பிராக்கெட் என்று கடைந்து கொடுத்து நன்றாகவே பிழைத்தோம். 2025 இல் இறக்குமதி மீண்டும் திறந்த பின்னர் அந்த வேலை குறைந்துவிட்டது. கடந்த மாதம் ஒரு தந்தை வந்தார். அவருடைய மகள் துப்பாக்கி சுடும் விளையாட்டில் பயிற்சி பெறுகிறாள். அவளது பழைய ஜெர்மன் காற்றுத் துவக்குக்குக் கன்னத் தாங்கி, தோள் தட்டு, கைப்பிடி ஆகியவை வேண்டுமாம். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முடியவில்லையாம். பேச்சோடு பேச்சாக விசையும் குழலும் செய்ய முடியுமா என்றும் கேட்டார். அமெரிக்காவில் சிறிய பட்டறைகளே இவற்றைச் செய்து விற்பதை யூடியூபில் பார்த்தேன். இதற்கிடையே முன்பின் அறியாத ஒருவர் குழாய் ஒன்றின் வரைபடத்தோடு வந்து, தண்ணீர் மோட்டார்ப் பாகம் என்று சொல்லி, இருமடங்கு கூலி தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். இந்தத் தொழிலில் இறங்கலாமா?
— வாசகர், கொழும்பு 10

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம். அந்தப் பிள்ளையின் கன்னத்துக்கும் தோளுக்கும் கைக்கும் பொருந்துகிற பாகங்களைச் செய்யலாம். ஆனால் எழுத்து மூலமான அனுமதி உங்கள் கைக்கு வந்த பிறகுதான். விசையையும் குழலையும் யார் கேட்டாலும், எந்தக் கூலிக்கும் செய்ய வேண்டாம். குழாய் வரைபடத்தோடு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். பொறியியலாளனாக என் பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு வேலையை மறுத்தால், கை முடைப்பட்ட ஒரு மாதத்தில் அந்த மறுப்பு தளர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் யூடியூபில் பார்த்தது பொய்யில்லை. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டுக்கு ஏற்றவை என்று கருதப்படும் துவக்குகளையே பொதுவாக நாட்டுக்குள் விடுகிறது. 1989 இல் இராணுவச் சாயல் கொண்ட பல அரைத் தானியங்கித் துவக்குகளின் இறக்குமதியை நிறுத்தினார்கள். அப்படித் தடுக்கப்பட்ட துவக்கை வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு உள்ளூரில் பொருத்துவதற்கும் 1990 இல் தடை வந்தது. அதற்கான விதியில் 20 பாகங்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. ஒரு துவக்கில் அந்தப் பட்டியலைச் சேர்ந்த வெளிநாட்டுப் பாகங்கள் 10 இற்கு மேல் இருக்கக் கூடாது. மிச்சத்தை யாராவது உள்ளூரில் செய்தாக வேண்டும் அல்லவா? தோளில் வைக்கும் கட்டை, கைப்பிடி, விசைத் தொகுதி என்று செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் அங்கே பெருகியதற்கு இந்த எண்ணிக்கைக் கணக்கு ஒரு முக்கிய காரணம். 2014 இல் ரஷ்யாவின் கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்த பின்னர், அதே பெயரைக் கொண்ட அமெரிக்க நிறுவனம் ஒன்று அங்கேயே துவக்கு தயாரிக்கத் தொடங்கியது.

இவையெல்லாம் அங்கே நடப்பதற்கு அடிப்படை ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் துவக்கு என்பது தொடரிலக்கம் பொறிக்கப்படும் அந்த நடு உடல்தான். அதைத் தயாரித்து விற்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டை, கைப்பிடி போன்ற பெரும்பாலான பாகங்களைச் சாதாரண வன்பொருளைப் போல வாங்கலாம், விற்கலாம். காணொளியில் வருபவர் தயக்கமில்லாமல் கடைவது இந்த நிலத்தில் நின்றுகொண்டுதான். நீங்கள் நிற்கும் நிலம் வேறு.

இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் உட்படப் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இங்கே துவக்கின் பாகமும் துவக்கு என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். ஒருவருடைய துவக்கை அனுமதியின்றி உங்கள் பட்டறையில் வைத்திருப்பதும் குற்றம்; பழுது பார்க்கத்தான் வைத்திருந்தேன் என்ற பதில் அதைத் துடைத்துவிடாது. காற்றுத் துவக்குதானே, வெடிமருந்து இல்லையே என்று நினைக்கவும் வேண்டாம். குழலிலிருந்து புறப்படும் குண்டு எவ்வளவு வலிமையோடு துளைக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கும்.

சுங்கத்தின் கணக்கும் இதற்கு ஒத்தே போகிறது. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் பொருட்பட்டியலில் 93 ஆம் அத்தியாயம் ஆயுதங்களுக்கு உரியது. காற்றுத் துவக்குக்கு 9304, துவக்குகளின் பாகங்களுக்கும் துணைப்பொருட்களுக்கும் 9305. அந்தத் தந்தை ஜெர்மனியிலிருந்து ஒரு மரத் துண்டைத்தான் வரவழைத்தார் என்றாலும், துறைமுகத்தில் அது ஆயுதப் பாகமாகவே இறங்கும். 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழான அனுமதி ஒரு பக்கம், பாதுகாப்பு அமைச்சின் சம்மதம் மறுபக்கம் என்று அவர் அலைந்திருப்பார். அவருடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் தடை டொலர் தட்டுப்பாட்டினால் 2020 இலும் 2022 இலும் வந்த தடைகளைப் போன்றது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. டயருக்கும் தரை ஓட்டுக்கும் தடை வந்தபோது உள்ளூரில் செய்பவரை நாடே வரவேற்றது. நீங்கள் புஷ் கடைந்ததும் அந்த வரவேற்பில்தான். ஆயுதப் பாகத்தின் மீதான கட்டுப்பாடு நாணயக் கையிருப்பைக் காக்க வந்ததல்ல. வெளியிலிருந்து வரக் கூடாது என்று அரசு நினைக்கும் பொருளை உள்ளே ஒருவர் ஓசையில்லாமல் செய்தால் அது இன்னும் கடுமையாகவே பார்க்கப்படும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகமாக வந்து, 1982 இல் நிரந்தரமாகிவிட்டது. அந்தச் சட்டத்தின் நிழலில் கொழும்பில் தொழில் செய்த தமிழ்க் குடும்பங்களுக்கு, விளக்கம் சொல்ல முடியாத ஒரு பொருள் வீட்டில் கிடப்பது என்றால் என்னவென்று தெரியும். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். போர் 2009 இல் முடிந்துவிட்டது, உண்மைதான். ஆனாலும் பட்டறையைச் சோதிக்க வருபவரிடம் உங்கள் நல்லெண்ணத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. காட்ட வேண்டியது தாள். அந்தத் தாள் வரும் வரை ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இனி உலோகத்தின் பக்கம் வருகிறேன். நீங்கள் டீசல் இயந்திரம் அறிந்தவர். அதன் சிலிண்டருக்குள் எரிதலின் உச்சத்தில் ஏறத்தாழ 150 முதல் 200 பார் வரை அழுத்தம் ஏறும். துவக்குகளில் மிகச் சிறிய ரவைகளில் ஒன்றான .22 க்கு ஐரோப்பியத் தர அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 1,700 பார். வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .308 வின்செஸ்டர் ரவைக்கு அது 4,150 பார். டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரெயில் குழாய் ஒன்று வெடித்ததைப் பார்த்திருந்தால் அந்த எண்களின் பொருள் உங்களுக்கு விளங்கும். அந்த ரெயில் உங்கள் முகத்திலிருந்து தள்ளி, இயந்திர மூடிக்குக் கீழே இருக்கிறது. துவக்கில் அதே வரிசையிலான அழுத்தம் சுடுபவரின் கண்ணுக்கு ஒரு சாண் முன்னால் எழுகிறது.

அதனால்தான் ஐரோப்பாவில் குழலைக் கடைந்தவரின் சொல்லை நம்பி யாரும் அதை விற்க விடுவதில்லை. இலண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கம் 1637 இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாமில் 1813 இல் சோதனைச் சாலை எழுந்தது. இன்றும் அங்கெல்லாம் ஒவ்வொரு துவக்கையும், உச்ச அழுத்தத்தை விடக் குறைந்தது கால் பங்கு கூடுதலான ரவையால் சுட்டுப் பார்த்து, தாங்கினால் மட்டுமே முத்திரை குத்துகிறார்கள். உருக்கு எந்த வார்ப்பில் வந்தது, எப்படிப் பதம் ஏற்றப்பட்டது, உள்ளே நுண்ணிய வெடிப்பு உண்டா என்பவை கண்ணுக்கும் வேர்னியருக்கும் தெரியாது. ஆமர் வீதியில் எடைக்கு வாங்கிய தண்டு எந்த உருக்கு என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா? புஷ் உடைந்தால் வண்டி நிற்கும். திருப்பிக் கொண்டு வந்து ஏசுவார்கள், இன்னொன்று கடைந்து கொடுப்பீர்கள். இங்கே அந்த வாய்ப்பு இல்லை.

காற்றுத் துவக்கின் குழலில் இவ்வளவு அழுத்தம் இல்லைதான். ஆனால் காற்று உருளை கொண்ட வகைகளில் அந்த உருளை 200 பார் வரை நிரப்பப்படுகிறது. தயாரிப்பாளர் அதற்கு ஆயுள் விதித்து, பெரும்பாலும் பத்து ஆண்டுகளோடு ஒதுக்கிவிடச் சொல்கிறார். அதன் மரை தேய்ந்துவிட்டது, கொஞ்சம் கடைந்து கொடுங்கள் என்று அந்தத் தந்தை நாளை கேட்கக்கூடும். கேட்டால் மறுத்துவிடுங்கள். விசையும் அப்படித்தான். அதன் கொக்கி முனை மயிரிழை தேய்ந்தாலே, விரல் படாமல் சுடக்கூடிய துவக்காகிவிடும். அதுவும் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் பயிற்சிக் கூடத்தில்.

குழாய் வரைபடத்தோடு வந்தவரைப் பற்றி: தண்ணீர் மோட்டார்ப் பாகத்துக்கு யாரும் இருமடங்கு கூலி தருவதில்லை. வரைபடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது, பில் வேண்டாம் என்பது, பழைய பாகத்தை மாதிரிக்குக்கூடக் காட்டாதது, ஒரு துண்டை இங்கேயும் மறு துண்டை இன்னொரு பட்டறையிலும் கொடுப்பது ஆகியவற்றைக் கண்டால் உங்கள் கை தானாக நிற்க வேண்டும். கல்கட்டாஸ் என்று பத்திரிகைகள் எழுதும் உள்ளூர்த் துவக்குகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வன்னியிலும் கிழக்கிலும் மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்கும், பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் காட்டு விலங்குக்கென்று வைக்கப்பட்டு, விறகுக்குப் போனவரின் காலைப் பறித்த கதைகள் நம் ஊர்களில் குறைவில்லை. அவற்றின் குழாய்களும் யாரோ ஒருவருடைய பட்டறையில் வெட்டப்பட்டவைதான். அவர் மறுபடி வந்தால் செய்வதில்லை என்று ஒரே வரியில் சொல்லுங்கள். பேரம் பேச இடம் கொடுக்க வேண்டாம். வந்த நாளையும் கேட்ட வேலையையும் உங்கள் வேலைப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். பிறகு புதுக்கடையில் உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில் சொல்லிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், போகாமலும் இருக்காதீர்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் வேலைக்கு வருவோம். எனக்கு இதில் உண்மையான ஆர்வம் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியில் தெஹானி எகொடவெல இலங்கைக்காகச் சுட்டார். அந்தப் போட்டியின் இலக்கட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீற்றர், நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர். 4.5 மில்லிமீற்றர் குண்டால், பத்து மீற்றருக்கு அப்பால், நின்றபடி அந்தப் புள்ளியைத் தொட வேண்டும். உடம்போடு பொருந்தாத துவக்கோடு எந்தப் பிள்ளையாலும் அது முடியாது. பெரிய ஆளுக்கென்று செய்த பழைய மரக் கட்டையில் ஒரு சிறுமி கன்னத்தை வைத்தால், கண் பின் குறிகாட்டிக்குக் கீழே போய்விடும். கழுத்தை நீட்டித்தான் பார்ப்பாள். ஐந்து நிமிடத்தில் கழுத்து நடுங்கத் தொடங்கும்.

அளவு எடுக்க வேண்டியது பயிற்சிக் கூடத்தில், பயிற்றுநர் முன்னிலையில், குண்டு இல்லாத துவக்கில். துவக்கு உங்கள் பட்டறை வாசலைத் தாண்டவே கூடாது. பிள்ளையைக் கண்களை மூடிக்கொண்டு, வழக்கம்போலத் துவக்கைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைக்கச் சொல்லுங்கள். தலையின் பாரம் முழுவதும் கட்டையில் இறங்கிய பிறகு கண்ணைத் திறக்கட்டும். குறிகாட்டியின் துளை நேராகத் தெரிந்தால் சரி. கண் அதற்குக் கீழே நிற்கிறது என்றால் ஒரு மில்லிமீற்றர் தக்கைத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கன்னத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டே வாருங்கள். தலையை அசைக்காமல் துளை வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, தகடுகளின் மொத்தத் தடிப்பை வேர்னியரால் அளந்து எழுதுங்கள். களைத்த பிறகு ஒருமுறையும் அளவெடுங்கள். களைத்த கன்னம் வேறு இடத்தில் அமரும். இரண்டு அளவுக்கும் இடையிலான வித்தியாசம்தான் தாங்கியில் நீங்கள் விட வேண்டிய மேல் கீழ் ஓட்டம். வளர்கிற பிள்ளை என்பதால் மேலே இன்னும் கொஞ்சம் விடுங்கள். கட்டையின் பக்கவாட்டு வளைவுக்குக் கனமான அட்டையில் மாதிரி வெட்டி எடுத்துச் சென்றால் போதும்.

சர்வதேச விதிப்படி குறிகாட்டிகள் உட்பட முழுத் துவக்கும் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆகையால் தோள் தட்டை உருக்கில் செய்துவிடாதீர்கள். அலுமினியம் அதன் மூன்றில் ஒரு பங்கு எடைதான். 6061 அல்லது 6082 வகை ஏற்றது. பழைய சோனகத் தெருவில் வாங்கும்போது தரச் சான்றிதழோடு கேளுங்கள், பலகையின் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். கொழும்பின் உப்புக் காற்றில் அலுமினியத்துக்குள் இறக்கிய துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி ஓர் ஆண்டுக்குள் இறுகிக்கொண்டுவிடும். பிடிப்பைத் தடுக்கும் கிரீஸ் தடவாமல் பொருத்தாதீர்கள். கைப்பிடிக்கும் கன்னத் தாங்கிக்கும் மரம் நல்லது. ஐரோப்பாவில் வால்நட் மரத்தில் செய்வதை இங்கே நல்ல மகோகனியில் செய்யலாம். இலேசானது, முறுகுவதும் குறைவு. தேக்கின் எண்ணெய் பசையை ஏற்காது, அதிலுள்ள மணல் சத்து வெட்டுக் கருவியின் முனையைத் தின்றுவிடும். முதிரை அழகானது, ஆனால் பாரம். மொரட்டுவையில் கை தேர்ந்த தச்சர் ஒருவரைக் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் உலோகத்தைப் பாருங்கள், அவர் மரத்தைப் பார்க்கட்டும்.

இவற்றையெல்லாம் தொடங்கும் முன் எழுத வேண்டிய கடிதம் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளையின் கழகத்தின் மூலமாக, தேசிய துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் பரிந்துரையோடு, பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதுங்கள். துவக்கின் வகை, தொடரிலக்கம், அனுமதிப் பத்திரத்தின் பிரதி, நீங்கள் செய்யவிருக்கும் மூன்று பாகங்களின் வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள். குழல், விசை, காற்று உருளை ஆகியவற்றை இந்த வேலை தொடாது என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்று நேராகவே கேளுங்கள். தொலைபேசியில் யாராவது பரவாயில்லை, செய்யுங்கள் என்று சொன்னால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் வரக் காலம் எடுக்கும். அதுவரை இதே விளையாட்டில் துவக்கைத் தொடாத வேலைகள் உங்களுக்குக் காத்திருக்கின்றன. இலக்கட்டையைப் பத்து மீற்றர் தூரம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் கம்பி வண்டி ஒரு சிறிய மோட்டாரும் இரண்டு கப்பியும் கொண்டதுதான். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீற்றர் உயரத்தில், ஐந்து சென்ரிமீற்றர் கூடலாம் குறையலாம் என்ற அளவுக்குள் நிற்க வேண்டும். உங்களுக்கு இது கை வந்த வேலை. குண்டைப் பிடிக்கும் உருக்குப் பெட்டியும் தேவைப்படும். அதில் சேர்வது ஈயம் என்பதால், தட்டு கழன்று வரும்படி செய்து, கையுறையோடு கொட்டச் சொல்லி எழுதி ஒட்டுங்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான போட்டியில், துவக்கின் பாரத்தைக் கையால் தாங்க முடியாதவர்களுக்கு எஸ்எச்2 என்ற பிரிவு இருக்கிறது. அவர்கள் சுருள்வில் பொருத்திய தாங்கியில் துவக்கை வைத்துச் சுடுவார்கள். போரில் கை இழந்தவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் அந்தத் தாங்கியை நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு பட்டறை வேண்டும். அது உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அந்தத் தந்தையிடம் இன்றே பேசிவிடுங்கள். விசையும் குழலும் முடியாது, மற்ற மூன்றும் கடிதம் வந்ததும் முடியும் என்று சொல்லுங்கள். அளவெடுக்கும் நாளுக்கான கூலியைப் பாகத்தின் விலையோடு சேர்க்காமல் தனியாகப் போடுங்கள், ஏனென்றால் இந்த வேலையில் பாதி அதுதான். அனுமதி கிடைத்ததும் தோள் தட்டின் வரைபடத்தை எனக்கு அனுப்பிவையுங்கள். திருகுத் துளைகளுக்கும் விளிம்புக்கும் இடையே விட்டிருக்கும் தடிப்பு போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.